மீன்தொட்டியில் கோயில் கரி

செலினிடம் கோயில் சாவி இருந்தது. இதை முதலில் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அவளுக்கே பிடிக்காது. ஆவடி குவார்ட்டர்ஸில் ரெட்டைவடம் போட்டவர்கள் இருந்தார்கள், ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், மகனை இன்ஜினியரிங் சேர்த்துவிட்டு அதையே பேசிக்கொண்டு திரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்கிரீஸ்து அறையின் சாவி ஒருத்தி இடுப்பில்தான் தொங்கியது. சாமியாரின் பூசை உடுப்பு, பாத்திரங்கள், மெழுகுத்திரி, சாம்பிராணி எல்லாம் அந்த அறையில்தான். விடியற்காலையில் அவள் போய்த் திறந்தால்தான் பூசை. கடைத்தெருவில் யாராவது "சாவிக்கார அம்மா" என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளூரக் குளிர்ந்துபோவாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷி ஒரு மீன்தொட்டியால் சீரழிந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் நடந்தது.

தொட்டி வந்ததற்குக் காரணம் அவள் புருஷன் ஜெயபாலின் ரத்தக்கொதிப்பு. பாதுகாப்புத் தளவாட ஃபேக்டரியில் ஃபிட்டர். மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரஷர் தானாக இறங்கும் என்று உடன் வேலை செய்கிற எவனோ சொல்லிவிட்டான். தீபாவளி போனஸ் வந்த கையோடு மனுஷன் அம்பத்தூருக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும், இரண்டு தங்கமீனும், காற்று மோட்டாரும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். தொண்ணூறாம் வருஷத்தில் அது குவார்ட்டர்ஸுக்கே புதுசு. பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி, சி.எஸ்.ஐ. சபைக்காரி, வந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தாள். அந்த இழுப்பில் இருந்த வயிற்றெரிச்சலை செலின் நாலு நாள் வைத்து அனுபவித்தாள்.

அதற்குமேல் அனுபவிக்க முடியவில்லை. தங்கமீன் பார்க்கத்தான் அழகு, தின்பதும் கழிவதும் மாடு மாதிரி. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் ஆகிவிட்டது. கூடவே நாற்றம். மீனைப் பார்த்துப் பிரஷரை இறக்க உட்கார்ந்த ஜெயபாலுக்கு, மீன் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடியே பிரஷர் ஏறியது.

தொட்டி மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. மோட்டார் காற்றை ஊதினால் தண்ணீர் அந்த டப்பாவுக்குள் புகுந்து வடிகட்டிக்கொண்டு வெளியே வரும். அதற்குள் போடவேண்டியதை ஜெயபால் வாங்காமல் வந்திருந்தார். கேட்டால், "டப்பாவே ஃபில்டர்தானேடி!" என்றார். ராணுவ டாங்கிக்கு நட்டு முடுக்குகிறவர் இவர். நாடு எப்படிப் பிழைக்கிறதோ!

செலினே அம்பத்தூர் கடைக்குப் போனாள். கடைக்காரர் குணசேகரன் பொறுமையாகச் சொன்னார்: அடியில் பொடிக் கூழாங்கல், நடுவில் கரி, மேலே பஞ்சு. கல்லும் பஞ்சும் கொடுத்தார்.

"கரி மட்டும் இப்ப ஸ்டாக் இல்லம்மா. அடுத்த வாரம் வந்துடும். அவசரப்பட்டு அடுப்புக் கரிய போட்டுடாதீங்க. மீனுக்குன்னே தனியா வருது. அது வர்ற வரைக்கும் பாதித் தண்ணிய மாத்தி மாத்தி ஊத்துங்க, போதும்."

போதும்தான். ஆனால் செலினுக்கு அடுத்த வாரம் வரை தாங்காது. அக்டோபர் ஜெபமாலை மாதம். குவார்ட்டர்ஸில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். பூவும் மெழுகுத்திரியுமாய் சுரூபத்தை ஏந்திக்கொண்டு ஊரே பின்னால் வரும். ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று, வீட்டை நாலு பக்கமும் அளந்துவிட்டுப் போகும். மறுநாள் சாயங்காலம் மாதா செலின் வீட்டுக்கு வருகிறாள். ஹாலில் மாதாவுக்கு மேசை போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கழுநீர்த் தொட்டி!

வீட்டுக்கு வந்து கல்லையும் பஞ்சையும் போட்டாள். தண்ணீர் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, வாடை போகவில்லை. இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அது டப்பாவை விட்டுத் துள்ளி மேலே வந்து மிதந்தது. ஜெயபால் தன் பங்குக்கு, ஃபேக்டரியில் மெஷின் துடைக்கிற பஞ்சு கொண்டுவரட்டுமா என்றார். அவள் பார்த்த பார்வையில் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

சக்கிரீஸ்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி கரி இருந்தது. சாதாக் கரி இல்லை. ரோமாபுரிக்குப் போய்வந்த பங்குச்சாமியார் அங்கிருந்து கொண்டுவந்தது. தூபக்கலசத்தில் போடுவதற்கென்றே அச்சில் வார்த்த வட்டக் கரி. மேலே சிலுவை முத்திரை. வில்லை வில்லையாய் வெள்ளிக் காகிதத்தில் சுருட்டி வைத்திருக்கும். பாஸ்கா, கிறிஸ்து அரசர் திருநாள் மாதிரிப் பெரிய நாட்களுக்கு மட்டும் எடுப்பார்கள். மற்ற நாட்களுக்குக் கொட்டாங்குச்சிக் கரிதான்.

கடவுளுக்கே தூபம் போடுகிற கரி, மீனுக்கு ஆகாதா? கனமாக இருக்கிறது, மிதக்காது. சுத்தமாக இருக்கிறது, கையில் ஒட்டாது. ஃபாரின் வேறு. இதைவிட நல்ல கரி அம்பத்தூரில் எந்தக் கடையில் கிடைக்கப்போகிறது? சாயங்காலம் மணியடிக்கப் போனபோது பெட்டியோடு முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சாவி அவளுடையது. மாதா வருவதும் அவள் வீட்டுக்குத்தான். கடையில் கரி வந்ததும் வாங்கி வைத்துவிட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். ரோமாபுரிக் கரி அம்பத்தூரில் எப்படி வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. டப்பா கொள்ளுமட்டும் அடுக்கி, மிச்சத்தைத் தொட்டிக்குள்ளேயே அடியில் வரிசையாகப் பரப்பி, மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் பூசைக்குப் போகும் அவசரத்தில் தொட்டிப் பக்கம் பார்க்கவில்லை. பூசை முடிந்து, கண்ணம்மா கோயிலைப் பெருக்கி முடிக்கும்வரை இருந்து, கதவைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாக வந்தார்கள். கண்ணம்மா வெள்ளானூர்க்காரி. கோயில் வேலை முடிந்ததும் செலின் வீட்டுப் பாத்திரம், பிறகு குவார்ட்டர்ஸில் இன்னும் சில வீடுகள் என்று பொழுது சாயும்வரை உழைப்பவள். கோயிலில் வேலை பார்க்கிற பொம்பளை என்ற ஒரே நம்பிக்கையில்தான் அந்த வீடுகளில் எல்லாம் அவளைச் சேர்த்திருந்தார்கள். விபூதி வைத்துக்கொண்டு வருகிற கோயில் வேலைக்காரி. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

கதவைத் திறந்ததும் கண்ணம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அய்யய்யோ! இன்னாக்கா இது, தொட்டி பூரா மசி மாரி கீது?"

ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடிக்குள் கன்னங்கரேல் என்று ஒரு சதுரம். உள்ளே மோட்டார் மட்டும் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கரி தூளை அழுத்திச் செய்த கரி. இரவெல்லாம் தண்ணீரில் ஊறி, காற்றில் கலங்கி, சேறாகிவிட்டது. செலின் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணம்மா உட்காரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு மீன் செத்து விறைத்திருந்தது. இன்னொன்று செவுளெல்லாம் கரியாய், வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அதைக் குடத்துத் தண்ணீரில் விட்டாள். தொட்டித் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக மொண்டு சாக்கடையில் கொட்டினாள். அடியில் கைவிட்டு வழித்தபோது கரையாத ஒரு துண்டு அவள் உள்ளங்கையில் வந்தது. சிலுவை முத்திரை முழுசாக இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, இது கோயில் கரி இல்ல?"

"இல்ல இல்ல, அம்பத்தூர் கடையில வாங்கினது," என்றாள் செலின். நாக்கு அவ்வளவு வேகமாகப் புரளும் என்று அவளுக்கே தெரியாது.

"சர்தான்," என்றாள் கண்ணம்மா. துண்டையும் சாக்கடையில் போட்டுவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மாதா வந்தாள். காலித் தொட்டியின்மேல் பட்டுப்புடவையை விரித்து அதன்மேல் பூச்சாடியை வைத்திருந்தாள் செலின். "மீனெல்லாம் எங்கே?" என்று ஞானசௌந்தரி கேட்டாள். சபை வேறு என்றாலும் சுண்டலுக்குத் தவறாமல் வருவாள். "மாதா முன்னால வேடிக்கை வேண்டாம்னு எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் செலின். என்ன பக்தி என்று நாலு பேர் தலையாட்டினார்கள். அவளுக்கு ஜெபமாலை மணி கையில் நகரவே இல்லை.

நவம்பர் கடைசியில் கிறிஸ்து அரசர் திருநாள். அந்த வருஷம் ஆயரே பவனிக்கு வருவதாக இருந்தது. முதல்நாள் பங்குச்சாமியார் ராயப்பன் அலமாரியைத் திறந்து கரிப் பெட்டியைத் தேடினார். எல்லாத் தட்டையும் கலைத்தார். பெட்டி இல்லை. அவர் கூப்பிட, செலின் வந்தாள். பங்குக் குழுவில் இருந்த தேவராஜும் வந்தார். ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர். எதையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே தலை நரைத்தவர். கண்ணம்மா அப்போது வாசல் பக்கம் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி உன்கிட்டதானேம்மா இருக்கு? உன்னைத் தவிர வேற யார் இந்த ரூமுக்குள்ள வராங்க?" என்று சாமியார் கேட்டார்.

அவர் அவளைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. அந்த நிமிஷமே, "நான்தான் எடுத்தேன் சாமி, தெரியாத்தனமா மீனுக்குப் போட்டுட்டேன்," என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டியிருப்பார், பிறகு சிரித்திருப்பார். செலின் வாயைத் திறந்தாள். தேவராஜ் நிற்பதைப் பார்த்தாள். குவார்ட்டர்ஸ் பூரா, ஞானசௌந்தரி வரைக்கும், இந்தக் கதை போய்ச் சேரும். சாவியை வாங்கி இன்னொருத்தி இடுப்பில் செருகுவார்கள். எல்லாம் கண்முன் வந்தது.

"வேற யாரு... கண்ணம்மா பெருக்க வருவா," என்றாள்.

பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் பெருக்க வருவாள்தான்.

தேவராஜ் உடனே பிடித்துக்கொண்டார். "அப்புறம் என்ன சாமி? அவங்க வீட்டுல வெள்ளிக்கிழமையானா சாம்பிராணி போடுவாங்க. ஃபாரின் கரி, நல்லாப் பத்தும்னு கொண்டுபோயிருப்பா."

கண்ணம்மாவைக் கூப்பிட்டார்கள். ஈரத் துணியைக் கையில் வைத்தபடியே வந்து நின்றாள். கேட்டார்கள். அவள் பதில் சொல்லுமுன் செலினைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பது போல நிதானமாகப் பார்த்தாள். செலின் அலமாரிப் பூட்டைப் பார்த்தாள்.

"எனுக்கு இன்னா தெரியும் சாமி," என்றாள் கண்ணம்மா.

"சரி, விஷயம் தெரியறவரைக்கும் நீ வரவேண்டாம்," என்றார் சாமியார்.

செலின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபோது முகமெல்லாம் எரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஹாலில் பிழைத்துக்கொண்ட ஒற்றை மீன், குணசேகரன் கடைக் கரியில் வடிந்த பளிங்குத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது. ஜெயபால் அதன் எதிரில் உட்கார்ந்து, "இப்பத்தான்டி மனசுக்கு நிம்மதியா இருக்கு," என்றார். அவளுக்கு அந்தத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்கவேண்டும் போல இருந்தது.

திருநாள் முடிந்தது. கண்ணம்மா கோயிலுக்கும் வரவில்லை, வீடுகளுக்கும் வரவில்லை. "கோயில்லயே கைவச்சவ, நம்ம வீட்டுல வைக்க எவ்வளவு நேரமாகும்?" என்று பெண்கள் குழாயடியில் பேசினார்கள். செலின் குடத்தை நிறைக்காமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செய்த பாவத்தை ஒரு சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று நினைத்தாள். அதிலும் ஒரு கள்ளத்தனம் பாருங்கள். சொந்தப் பங்கில் என்றால் சாமியாருக்குக் குரல் தெரியும். ஆகவே பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனாள். அங்கே முன்பின் தெரியாத ஒரு வயசான சாமியாரின் சன்னல் பக்கம் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"கரியத் திருப்பி வாங்கி வச்சிடலாம்மா," என்றார் அவர். "அந்தப் பொண்ணோட பேர எந்தக் கடையில வாங்குவே? முதல்ல அவகிட்டப் போ."

போனாள். மறுநாளே வெள்ளானூருக்குப் போய், விசாரித்து, ஓலைக் கொட்டகையும் ஓட்டு வீடுமாய் இருந்த ஒரு சந்தில் கண்ணம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். கண்ணம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செலினைப் பார்த்ததும் எழுந்து, முறத்தை நகர்த்தி, மணையைப் போட்டாள்.

"வாக்கா. குந்து. தண்ணி குடிக்கிறியா?"

இதுவரை "வாங்க, போங்க" என்றவள். தன் வீட்டு வாசலில் பேசும்போது அது மாறியிருந்தது. செலின் உட்காராமலே அழுதாள்.

"நான்தான் எடுத்தேன் கண்ணம்மா. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ சொல்லல. இப்பவே வா, சாமிகிட்டப் போவோம். நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வாணாம்," என்றாள் கண்ணம்மா.

"ஏன்?"

"நேத்தே போயி நான் ஒத்துகினேன்."

செலினுக்குப் புரியவில்லை. கண்ணம்மா கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த தேவராஜ் சார் ஊட்டாண்ட வந்தாருக்கா. 'எட்த்தேன்னு ஒத்துக்கோ, சாமி மன்னிச்சி மறுபடி சேத்துப்பாரு. இல்லைன்னு சாதிச்சீன்னா குவார்ட்டர்ஸ்ல ஒரு ஊட்லயும் உன்ன உள்ள வுட மாட்டாங்க'ன்னாரு. நானும் ரோசன பண்ணிப் பாத்தேன். எட்த்துகினு போனேன்னு சொன்னா வேலை கெடைக்குது. எட்க்கலன்னு சொன்னா ஒண்ணும் கெடைக்கல. போயி சொல்லிட்டேன். நாளைலேர்ந்து வரச் சொல்லிக்கிறாரு."

"ஐயோ, அது பொய்யாச்சே! நான் வந்து உண்மையச் சொல்றேன். உன் பேரு..."

"இப்ப நீ போயி சொன்னா, நான் சாமிகிட்ட பொய் சொன்னவளாய்டுவேன். திருடினவள மன்னிச்சிட்டாரு. பொய் சொன்னவள மன்னிப்பாரோ இன்னாவோ? எனுக்கு அந்த வம்பே வாணாம்."

"நான் உனக்காகப் பேசறேன் கண்ணம்மா. சத்தியமா."

கண்ணம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசறவ அன்னிக்கே பேசியிருப்ப இல்லக்கா?" என்றாள். குரல் ஏறவில்லை. "உனுக்கு மனசு லேசாவணும்னா வேற எதுனா வழி பாரு. என் பொயப்புல கைய வெக்காத."

செலின் மணையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. சொல்லவேண்டாம், சாவி போகாது, யாருக்கும் தெரியாது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்து நிம்மதியை நினைத்து அவள் பட்ட வெட்கம், கரி எடுத்ததற்குப் படவில்லை, பழியை நகர்த்தியதற்கும் படவில்லை.

"சாமி ஒரு கண்டிசன் போட்டுகிறாரு," என்றாள் கண்ணம்மா, கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளியபடி. "தேவராஜ் சார் ரோசனதான். அவங்க ஃபேக்டரி கேட்ல பண்ற மாரி, நான் வேலை முட்சிட்டு வெளிய போம்போது தெனிக்கும் கூடைய ஒருத்தர் பாத்து அனுப்பணுமாம்."

"யாரு?"

"சாவி யாராண்ட கீதோ, அவங்க."

மறுநாள் காலைப் பூசை முடிந்தது. கண்ணம்மா பெருக்கினாள், பெஞ்சுகளைத் துடைத்தாள், பீடத்துக் கீழே உதிர்ந்த பூவை அள்ளினாள். செலின் சக்கிரீஸ்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியபோது, கண்ணம்மா ஒயர் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். எதிரே பங்குச்சாமியார் தங்கும் அறைவீட்டு வராந்தாவில் அவரும் தேவராஜும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு வந்தவர்களில் சிலர் இன்னும் கலையவில்லை. இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போ கண்ணம்மா," என்றாள் செலின் மெதுவாக. "நான் பாக்கமாட்டேன்."

"பாருக்கா. பாக்கலன்னா நாளைக்கி வேற யார்னா பாப்பாங்க. அவங்க கத்திகினே பாப்பாங்க."

அவளே கூடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். செலின் குனிந்தாள். ஒரு தூக்குச்சட்டி, வெற்றிலைச் சுருக்குப்பை, மடித்த துண்டு. துண்டுக்கு அடியிலும் பார்க்கவேண்டும் என்று கண்ணம்மாவே அதைத் தூக்கிக் காட்டினாள்.

வராந்தாவிலிருந்து தேவராஜ் குரல் கொடுத்தார். "என்ன செலினம்மா, சரியா இருக்கா?"

எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லவேண்டியிருந்தது.

"ஒண்ணும் எடுக்கல சார்," என்றாள் செலின். "இன்னைக்கு ஒண்ணும் எடுக்கல."

அந்த "இன்னைக்கு" ஏன் வாயில் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணம்மாவின் கை கூடைப்பிடியில் ஒரு நொடி நின்றது. பிறகு கூடையை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வரேங்கா, நேரா உங்க ஊட்டுக்குத்தான் போறேன், பாத்திரம் கெடக்கும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.